நோயாளிகளின் பீடம்

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி, நோயாளர் நாளன்று மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜூபிலி என்று சொன்னவுடன் நம் கைகள் முதலில் தேடிப் போவது சுண்ணாம்பையும் வண்ணத்தையும்தான். கோயிலுக்கு வெள்ளையடிக்கிறோம், கொடிமரத்தைப் புதுப்பிக்கிறோம், சுரூபங்களுக்குப் பொன் வண்ணம் தீட்டுகிறோம், பீடத்தைப் பூவாலும் விளக்காலும் நிரப்புகிறோம். ஆண்டவருடைய இல்லத்தை அழகு செய்வது பிள்ளைகளின் கடமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறுவிதமான ஒரு பீடம். முதன்முதல் காண்கிறவர்கள் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் பீடம். 500 ஆண்டுகளுக்கு முன் நோயாளிகளுக்காகவே எழுப்பப்பட்ட பீடம். இசன்ஹைம் பீடம் என்று அதற்குப் பெயர்.

முதலில் இத்தகைய பீடங்களின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முன்னால் குருவானவர் பீடத்தை நோக்கி நின்று பூசை செய்த காலத்தை நம்மில் முதியோர் அறிவார்கள். பீடம் சுவரையொட்டி இருந்தது. அதன் பின்னால் மாடங்களும் சுரூபங்களுமாக ஓர் உயர்ந்த அமைப்பு நின்றது. ஐரோப்பாவின் வட நாடுகளில் 15-ஆம் நூற்றாண்டில் இந்தப் பின்னமைப்பு கதவுகள் உள்ள பெரியதொரு பேழையாக வளர்ந்தது. நடுவில் மரச் சிற்பங்களோ ஓவியமோ இருக்கும். இருபுறமும் கீல் வைத்த மரக் கதவுகள். அக்கதவுகளின் உள்ளும் புறமும் ஓவியங்கள். பெல்ஜிய நாட்டுக் கென்ட் நகரில் வான் ஐக் சகோதரர்கள் தீட்டி 1432-இல் முடிந்த ஆட்டுக்குட்டியானவரின் பீடம் இவ்வகையில் புகழ் பெற்றது. போலந்தின் கிராக்கோ நகரில் மரியன்னை ஆலயத்திற்கு வைட் ஸ்டோஸ் என்ற சிற்பி 1477 முதல் 1489 வரை உழைத்துச் செய்த பீடமும் அவ்வாறே.

அக்கதவுகள் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. சாதாரண நாட்களில் மூடியிருக்கும். பெரிய திருநாட்களில் திறக்கப்படும். தபசு காலத்தின் இறுதியில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடி, பாஸ்கு இரவில் நாம் திறக்கிறோமே, அந்தத் துணி விலகும்போது குழந்தைகள் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்களே, அதைப் போன்ற மகிழ்ச்சி அம்மக்களுக்கும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஏழை எளியவர்க்கு, திறந்து மூடும் அந்தக் கதவுகளே திருவழிபாட்டு ஆண்டின் புத்தகம்.

இனி இசன்ஹைமுக்கு வருவோம். பிரான்சில், ஜெர்மனியின் எல்லையையொட்டி, ரைன் நதியோரத்தில் அல்சாஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே கொல்மார் நகருக்குத் தெற்கே உள்ள சிற்றூர் இசன்ஹைம். அவ்வூரில் வனத்து அந்தோணியார் பெயரால் விளங்கிய துறவற சபையாருக்கு ஒரு மடமும் நோயாளர் இல்லமும் இருந்தன. நாம் செவ்வாய்க்கிழமைதோறும் நவநாள் செய்யும் பதுவைப் பதியர் வேறு. இவர் எகிப்து நாட்டுப் பாலைவனத்தில் 3, 4-ஆம் நூற்றாண்டுகளில் தவமிருந்த முனிவர். ஜனவரி 17 இவருடைய திருநாள். தமிழ்நாட்டிலும் இவரை வனத்து அந்தோணியார் என்றே பக்தியோடு அழைத்து வருகிறோம்.

இந்த முனிவருக்கும் நோயாளிகளுக்கும் என்ன தொடர்பு? அந்நாளில் ஐரோப்பாவை ஒரு கொடிய நோய் வாட்டியது. கைகால்களில் நெருப்பு வைத்தாற்போன்ற எரிச்சல். பிறகு தசை கறுத்து, வறண்டு, உணர்வற்று, இறுதியில் விரலும் காலும் கையுமே கழன்று விழும். சிலருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் வரும். புனிதரின் திருப்பண்டங்கள் இருந்த இடத்தில் இந்நோயாளிகள் சென்று வேண்டியதால், இதற்கு அந்தோணியார் நெருப்பு என்று பெயர் வந்தது. ஏறக்குறைய 1095-இல் பிரான்சு நாட்டின் தென்கிழக்கில் இவர்களைப் பராமரிக்க ஒரு சகோதரர் குழு தோன்றியது. 1297-இல் பாப்பரசர் எட்டாம் போனிபாஸ் அதனைப் புனித அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றும் சபையாக உயர்த்தினார். கறுப்பு அங்கியில் நீல நிறச் சிலுவைக் குறி அணிந்த இச்சகோதரர்கள் ஐரோப்பா எங்கும் நூற்றுக்கணக்கான நோயாளர் இல்லங்களை நடத்தினார்கள்.

நோயின் காரணம் அன்று யாருக்கும் தெரியாது. 17-ஆம் நூற்றாண்டில்தான் மருத்துவர்கள் அதனை அறியத் தொடங்கினார்கள். அந்நாட்டு ஏழைகளின் உணவு ரை என்னும் தானியத்து ரொட்டி. மழையும் குளிரும் மிகுந்த ஆண்டுகளில் அந்தக் கதிர்களில் ஒரு பூஞ்சாளம் பிடித்து, மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு நிறக் கொம்பு போல வளரும். அதனையும் சேர்த்து அரைத்த மாவை உண்டால், அதிலுள்ள நஞ்சு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இரத்தம் எட்டாத உறுப்பு அழுகும். நம் கம்புப் பயிரில் காணும் தேனொழுகல் நோயும் இந்தப் பூஞ்சாளத்தின் இனத்தைச் சேர்ந்ததாலேயே வருகிறது. இதே நஞ்சிலிருந்து பிற்காலத்தில் பிரித்தெடுத்த ஒரு மருந்து, பிரசவத்தில் இரத்தப் போக்கை நிறுத்தி எத்தனையோ தாய்மார்களைக் காத்திருக்கிறது என்பதை மருத்துவமனையில் பணிபுரியும் நம் சகோதரிகள் அறிவார்கள்.

ஏழைகள் உயிர் வாழ்வதற்காக உண்ட ரொட்டியே அவர்களைக் கொன்றது. இது எவ்வளவு பெரிய சோகம்! அந்தோணியார் சபைச் சகோதரர்களுக்கும் காரணம் தெரியாது. ஆனாலும் வந்தவர்களுக்கு நல்ல ரொட்டி கொடுத்தார்கள், இறைச்சி கொடுத்தார்கள், மூலிகைத் தைலம் பூசினார்கள், புனிதரின் திருப்பண்டத்தின்மேல் ஊற்றிய திராட்சை இரசத்தைப் பருகத் தந்தார்கள். அழுகிய உறுப்பை அறுத்தெடுக்கும் மருத்துவர்களும் அவர்களிடம் இருந்தார்கள். நல்ல ரொட்டியினாலேயே பலர் பிழைத்திருப்பார்கள் என்று இன்று நமக்குத் தெரிகிறது. நோயின் பெயரை அறியாமலே அன்பு சரியான மருந்தைக் கொடுத்துவிட்டது.

இந்த மடத்துக்காகத்தான் அந்தப் பீடம் எழுந்தது. ஜான் தோர்லியே என்ற தலைவர் காலத்தில் தொடங்கிய பணி, கீதோ குவெர்சி என்ற தலைவர் காலத்தில் நிறைவேறியது. சிற்பங்களை நிக்லவுஸ் என்ற சிற்பி மரத்தில் செதுக்கினார். 1512 முதல் 1516 வரை ஓவியங்களைத் தீட்டியவரை உலகம் மத்தியாஸ் குரூனெவால்ட் என்று அழைக்கிறது.

கதவுகள் மூடியிருக்கும்போது காண்பது சிலுவைக் காட்சி. ஏறக்குறைய 9 அடி உயரமும் 10 அடி அகலமுமான படம். பின்னால் இருள். நடுவில், மற்ற எல்லோரையும்விடப் பெரிய உருவமாக இயேசு ஆண்டவர் தொங்குகிறார். உடலின் பாரம் தாங்காமல் சிலுவையின் குறுக்கு மரமே வளைந்திருக்கிறது. ஆணி அடித்த கைகளின் விரல்கள் வேதனையால் விரிந்து வானத்தை நோக்கி முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. உதடுகள் நீலம் பாரித்துவிட்டன. உடம்பெல்லாம் பச்சை பாய்ந்து, முள் தைத்த புண்கள் நிறைந்து கிடக்கிறது. இடுப்பில் கந்தைத் துணி. ஒரு பக்கம் வெள்ளை உடையில் சாய்ந்து விழும் தேவதாயை அன்புச் சீடர் அருளப்பர் தாங்குகிறார். கீழே மரிய மதலேனாள் கைகளைக் கோத்துக்கொண்டு கதறுகிறாள்.

மறு பக்கத்தில் ஸ்நாபக அருளப்பர் நிற்கிறார். அவர் அதற்கு முன்பே ஏரோதனால் தலை வெட்டுண்டு இறந்தவராயிற்றே என்று நாம் கேட்கலாம். ஓவியர் அறியாமல் செய்த பிழையன்று அது. சாட்சி சொல்ல அவரை அழைத்து வந்து நிறுத்தியிருக்கிறார். ஒரு கையில் வேதாகமம். மறு கையின் நீண்ட சுட்டு விரல் ஆண்டவரைக் காட்டுகிறது. அவர் வளர வேண்டும், தாம் குறைய வேண்டும் என்று அருளப்பர் சொன்னதை அருகே இலத்தீன் எழுத்துக்களில் தீட்டியிருக்கிறார். காலடியில் சிலுவை தாங்கிய ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசைப் பாத்திரத்தில் வடிகிறது. அந்தப் படத்தின் கீழேதான் குருவானவர் பாத்திரத்தை உயர்த்திப் பிடித்தார். ஓவியத்தில் உள்ள பாத்திரமும் பீடத்தில் உள்ள பாத்திரமும் ஒன்றே என்று காண்பவர் உணர்ந்தார்.

இப்போது நாம் ஒரு கேள்வியை நேராகக் கேட்டுக்கொள்வோம். வலியால் துடிக்கிற மனிதன் முன்னால் இத்தகைய கோரக் காட்சியை வைக்கலாமா? மலர்ந்த முகமும் சிவந்த கன்னமும் உள்ள ஆண்டவரைக் காட்டினால் அவனுக்குச் சற்று ஆறுதலாக இருக்காதா? நம் வீடுகளில் தொங்கும் அச்சுப் படங்களில் ஆண்டவர் அப்படித்தானே இருக்கிறார்?

இசன்ஹைமின் நோயாளியாக நம்மை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். புதிதாய் வருகிறவர்களைப் பீடத்தின் முன் அழைத்து வந்து வேண்டச் செய்த பிறகே சிகிச்சை தொடங்கினார்கள் என்று கருதப்படுகிறது. அவன் உடம்பின் நாற்றத்தால் சொந்த வீட்டார் ஒதுங்கிப் போனார்கள். தெருவில் குழந்தைகள் ஓடினார்கள். தன் உடம்பைப் பார்க்க அவனுக்கே அருவருப்பு. அப்படிப்பட்டவன் நிமிர்ந்து பார்க்கிறான். பீடத்தின் நடுவே தொங்குகிறவருக்கும் அதே பச்சை நிறம், அதே புண்கள், அதே முறுக்கிய விரல்கள்! அழகிய ஆண்டவரிடம் அவனுக்கு இரக்கம் கிடைத்திருக்கும். இந்த ஆண்டவரிடம் அவனுக்கு உறவு கிடைத்தது. துன்புறும் ஊழியனைப் பற்றி இசையாஸ் இறைவாக்கினர் சொன்னது, அவனைக் கண்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பது, இங்கே கண்ணால் காணும் உண்மையாயிற்று. இரு பக்கக் கதவுகளில் கொள்ளைநோய்க்குப் பாதுகாவலரான புனித செபஸ்தியாரும், வனத்து அந்தோணியாரும் நிற்கிறார்கள். அந்தோணியாரின் பின்னால் பசாசு ஒன்று சன்னல் கண்ணாடியை உடைக்கிறது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

ஆனால் பீடம் அத்துடன் முடியவில்லை. பெரிய திருநாட்களில் அந்தச் சிலுவைப் படம் நடுவில் பிரிந்து, கதவுகள் விரியும். இருள் அகன்று, உள்ளே ஒரே ஒளி வெள்ளம்! ஒரு புறம் கபிரியேல் சம்மனசு கன்னி மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்கிறார். நடுவில் சம்மனசுகள் இசைக் கருவிகள் மீட்ட, தேவதாய் பாலனைக் கையில் ஏந்தியிருக்கிறாள். அருகே தொட்டில் இருக்கிறது, குளிப்பாட்டும் தொட்டி இருக்கிறது, குழந்தையின் மலசலப் பானைகூட இருக்கிறது. மருத்துவ இல்லத்தில் படுத்திருப்பவனுக்கு இவை தினமும் பழகிய பொருட்கள். பாலனைச் சுற்றிய துணியைக் கவனித்தால் அதுவும் கந்தை. சிலுவையில் கண்ட அதே கிழிசல்! பிறந்த அன்றே பாடுகளின் துணி அவரைச் சுற்றிவிட்டது.

மறு புறம் உயிர்த்த ஆண்டவர். கல்லறைக் காவலர் உருண்டு விழ, செம்மஞ்சள் ஒளி வட்டத்தின் நடுவே அவர் எழும்புகிறார். உடல் வெண்மையாய் ஒளிர்கிறது. அந்த எண்ணற்ற முட்புண்களில் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஐந்து திருக்காயங்கள் மட்டும் இரத்தினம் போல் மின்னுகின்றன. நோயாளி இதில் தன் எதிர்காலத்தைப் படித்திருப்பான்: இந்தப் புண் ஆறும், ஆனால் பட்ட பாடு வீணாய்ப் போகாது, அது ஒளியாய் மாறும்.

இன்னொரு முறை கதவுகளைத் திறந்தால் நிக்லவுஸின் சிற்பங்கள் தெரியும். நடுவில் வனத்து அந்தோணியார் அரியணையில் அமர்ந்திருக்க, இருமருங்கிலும் புனித அகுஸ்தீனாரும் புனித எரோணிமுசும் நிற்கிறார்கள். ஒருவன் சேவலையும், மற்றொருவன் பன்றிக்குட்டியையும் அந்தோணியாருக்குக் காணிக்கை கொண்டு வருகிறார்கள். நம் திருத்தலங்களில் கோழியும் ஆடும் நேர்ந்து விடும் மக்களைப் பார்த்த நமக்கு இவர்கள் அந்நியர் அல்லர். ஒரு பக்க ஓவியத்தில் வனத்து அந்தோணியாரும் வனத்துச் சின்னப்பரும் சந்தித்து உரையாடுகிறார்கள். காகம் ஒன்று அவர்களுக்கு ரொட்டி கொண்டு வருகிறது. காலடியில் முளைத்திருப்பவை மருத்துவ மூலிகைகள். சபையார் மருந்துக்குப் பயன்படுத்தியவை என்பர். நம் நாட்டில் பிள்ளைகளுக்கு வனத்துச் சின்னப்பர் என்று பெயரிடுகிறோமே, அவரேதான் இவர்.

மறு பக்கத்தில் பசாசுகள் அந்தோணியாரைத் தரையில் தள்ளி, தலைமயிரைப் பிடித்திழுத்து, தடியால் அடிக்கின்றன. மூலையில் வீங்கிய வயிறும் புண்கள் நிறைந்த உடலும் கொண்ட ஓர் உருவம் விழுந்து கிடக்கிறது. அது பசாசா, அந்த நோய் கண்ட மனிதனா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எதிர் மூலையில் ஒரு துண்டுக் காகிதம். அதில் இலத்தீனில் ஒரு முறையீடு எழுதியிருக்கிறது: நல்ல இயேசுவே, இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர், என் காயங்களை ஆற்ற ஏன் வரவில்லை என்பது அதன் கருத்து.

பங்கு மக்களே, இந்தக் காகிதத் துண்டின்முன் நாம் சற்று நின்றுதான் ஆகவேண்டும். நோயுற்றவர் யாராவது இப்படிக் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? அப்படிப் பேசாதே, பாவம் என்று வாயை அடைக்கிறோம். விசுவாசம் குறைந்துவிட்டது என்கிறோம். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், யாருடைய பாவமோ என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள். இசன்ஹைமின் சகோதரர்கள் அந்த முறையீட்டைப் பீடத்திலேயே எழுதி வைத்தார்கள்! புனிதரே அப்படிக் கேட்டார், நீயும் கேட்கலாம் என்று நோயாளிக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்தோணியாரின் வரலாற்றில் அதற்கு மறுமொழியும் உண்டு. தாம் அங்கேயே இருந்ததாகவும், அவருடைய போராட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் ஆண்டவர் சொன்னார். ஓவியத்தில் மேலே, ஒளியின் நடுவே, இறைவன் வீற்றிருக்கிறார். அடிபடுகிறவர் கண்ணுக்கு அவர் உடனே தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்பீடத்தைத் தீட்டியவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1528-இல் ஹாலே நகரில் இறந்த அவரை உலகம் மறந்துவிட்டது. இப்பீடத்தையே சிலகாலம் டூரர் என்ற வேறொரு பெரிய ஓவியரின் படைப்பாக எண்ணினார்கள். 1675-இல் சாண்ட்ரார்ட் என்ற எழுத்தாளர் அவரைக் குரூனெவால்ட் என்று தவறாகக் குறித்தார், அத்தவறே நிலைத்தது. மத்திஸ் கோத்தார்ட் நித்தார்ட் என்ற உண்மைப் பெயரை 20-ஆம் நூற்றாண்டு ஆராய்ச்சியே வெளிக்கொணர்ந்தது. அருளப்பரின் விரலருகே அவர் எழுதிய வாசகம் அவர் வாழ்விலேயே பலித்தது. ஆண்டவரைச் சுட்டிக் காட்டிவிட்டு அவர் மறைந்துபோனார். நம் பங்கைக் கட்டியெழுப்பியவர்களிலும் பெயர்க் கல்லில் இடம்பெறாத எத்தனை கொத்தனார்கள், எத்தனை சித்தாட்கள், பிடி அரிசி சேர்த்துக் கொடுத்த எத்தனை தாய்மார்கள்! ஜூபிலி அவர்களுக்கும் உரியது.

பிறகு அந்தப் பீடம் என்னவாயிற்று? அந்தோணியார் சபை 1777-இல் மால்டா வீரர் சபையுடன் இணைக்கப்பட்டு மறைந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-இல், பீடத்தின் பகுதிகளைக் கொல்மாருக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். 1853-இல் திறக்கப்பட்ட உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில், முன்னர் தோமினிக் சபைக் கன்னியர் வழிபட்ட சிற்றாலயத்தில் அது இடம்பெற்றது. முதல் உலகப் போரின்போது 1917-இல் ம்யூனிக் நகருக்கு எடுத்துச் சென்றார்கள். போர் முடிந்த வேளையில் அங்கே அதனை மக்கள் பார்வைக்கு வைத்தபோது, கூட்டம் கூட்டமாய் வந்து நின்றார்கள். மகனைப் பறிகொடுத்தவர்கள், கைகாலை இழந்தவர்கள், பசியால் மெலிந்தவர்கள். 400 ஆண்டுகளுக்குப் பின் பீடத்தின் உண்மையான சொந்தக்காரர்கள் மறுபடி அதன் முன் நின்றார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. 1919-இல் அது கொல்மாருக்குத் திரும்பியது. 2018 முதல் 2022 வரை பழைய மெருகெண்ணெயின் மங்கலை நீக்கிப் புதுப்பித்திருக்கிறார்கள்.

இன்று அங்கே கதவுகள் திறந்து மூடுவதில்லை. எல்லாப் பக்கங்களையும் ஒரே நாளில் பார்க்கும்படி பிரித்து வைத்திருக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது வசதி. ஆனால் அங்கே பூசை இல்லை. நோயாளிக்கு ரொட்டி கொடுக்கும் சகோதரர்கள் இல்லை. ஓவியம் பிழைத்தது, அதன் இல்லம் போய்விட்டது.

நம்மிடம் அத்தகைய ஓவியம் கிடையாது. ஆனால் அவர்களிடம் இப்போது இல்லாதது நம்மிடம் இருக்கிறது. நம் பீடத்தில் நாள்தோறும் திருப்பலி நிறைவேறுகிறது. பீடத்தின் மேலே பாடுபட்ட சுரூபம் இருக்கிறது. நம் தெருக்களில் நோயாளிகள் இருக்கிறார்கள். இம்மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பது மட்டுமே நாம் செய்ய வேண்டியது. இன்று இந்த விழாப் பந்தலில் நாம் கூடியிருக்கிறோம். வராதவர்களை எண்ணிப் பார்ப்போம். பக்கவாதத்தில் படுத்திருப்பவர், புற்றுநோயின் வலியில் சுவரைப் பார்த்துக் கிடப்பவர், காலில் ஆறாப் புண்ணோடு வெளியே வர வெட்கப்படுகிறவர். ஜூபிலி மாலையின் மணியோசையை அவர்கள் படுக்கையிலிருந்தே கேட்கிறார்கள்.

அவர்களிடம் நாம் போவோம். விழாவின் மீதிப் பணத்தில் அவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதைப் பங்குப் பேரவை முடிவு செய்யட்டும். அதற்கு முன்பே நாம் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்குப் போகலாம். போகும்போது அறிவுரை கொண்டு போகவேண்டாம். எங்கே இருந்தீர் ஆண்டவரே என்று அவர்கள் கேட்டால் அதட்டவும் வேண்டாம். அருகில் அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை அருளப்பரைப் போல ஒரு விரலால் காட்டினால் போதும். இயன்றால் நல்ல ரொட்டியும் கொண்டு போவோம்.

ஆண்டவருடைய உயிர்த்த உடலில் காயங்கள் ஒளிர்ந்ததுபோல், நம் பங்கின் நோயாளிகள் நம் பங்கின் ஒளியாய் விளங்குவார்களாக!

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!